மூட்டமே இல்லாத வீடு

நான் என்ன வேலை செய்கிறேன் என்று சொந்தக்காரர்களுக்கு விளக்கும் முயற்சியை எப்போதோ கைவிட்டுவிட்டேன். இன்டர்நெட் கம்பெனி என்று சொன்னதும் போனை நீட்டி, படம் ஏன் சுற்றிக்கொண்டே நிற்கிறது பார் என்பார்கள். கல்யாண வீட்டில் டாக்டரைக் கண்டால் நாக்கை நீட்டுகிறவர்களும் இவர்கள்தான். கடைசிவரை உட்கார்ந்து கேட்டது என் அம்மா தெரசம்மாள் ஒருத்திதான். ஏற்காட்டு மலையில் நாகலூர் எஸ்டேட்டில் முப்பது வருடம் காப்பி பறித்தவள். எட்டாவதோடு படிப்பு நின்றுபோனாலும், ஒருமுறை கேட்டதை மறக்கிற ஆள் இல்லை.

அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். நாகலூர் மேட்டில் எங்கள் கம்பெனி டவர் நிற்கிறது. அங்கிருந்து வாழவந்தி, செம்மநத்தம் வீடுகளின் கூரையில் வைத்திருக்கும் சின்னத் தட்டுகளுக்கு ரேடியோ அலையில் இணைப்பு போகிறது. டவரும் தட்டும் பேசிக்கொள்ளப் பன்னிரண்டு வேகங்கள் உண்டு. வழி தெளிவாக இருந்தால் வேகமாகப் பேசலாம். நடுவில் ஏதாவது மறித்தால் மெதுவாகத்தான் பேச வேண்டும். அவசரப்பட்டால் எதிர்ப்பக்கம் பாதியைத் தவறவிடும், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டிவரும், கடைசியில் ஒன்றும் போய்ச் சேராது. எந்த நேரத்துக்கு எந்த வேகம் என்று முடிவெடுப்பதற்கு டவரில் இருக்கும் பெட்டிக்குள் ஒரு பழைய விதி இருந்தது. தவறினால் ஒரு படி இறங்கு, சரியாகப் போனால் ஒரு படி ஏறு. அவ்வளவுதான் அதன் மூளை.

அந்த இடத்தில் நான் எழுதிய ப்ரோக்ராமை வைத்தேன். சிக்னல் எவ்வளவு, மணி என்ன, காற்றில் ஈரம் எவ்வளவு, அனுப்பியதில் எத்தனை போய்ச் சேர்ந்தது, எத்தனை தவறியது என்று ஒவ்வொரு வீட்டின் பழைய பதிவுகளையும் அது படித்துக் கற்றுக்கொள்ளும். மாதம் ஒருமுறை புதிய பதிவுகளையும் சேர்த்துப் படிக்கும். பிறகு, இப்போது இந்த வேகம் சரி, இத்தனை சதவீதம் நிச்சயம் என்று தானே சொல்லும். சேலத்துத் தலைமை ஆபீஸ் ஆட்கள் ஏற்காட்டுப் பனிமூட்டத்தைத்தான் வில்லன் என்று நினைக்கிறார்கள். மூட்டம் பாவம், ஒன்றும் செய்யாது. மூட்டத்தில் நனைந்து சொட்டுகிற சில்வர் ஓக் இலைதான் அலையை விழுங்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் வேறு வேறு மரங்கள், ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகக் கற்க வேண்டும் என்று மீட்டிங்கில் சண்டை போட்டு ஜெயித்தேன்.

முதல் சோதனைக்கு வாழவந்தியில் அம்மா இருந்த வீட்டையே எடுத்துக்கொண்டேன். அப்பா போய் ஏழு வருடம் ஆகியிருந்தது. நான் ஏற்காடு டவுனில் ஆபீஸ் பக்கத்திலேயே தங்கியிருந்தேன், ஞாயிறு மட்டும் போய் வருவேன். தம்பி ஸ்டெபின் ஓமனில் வெல்டர். தினமும் சாயங்காலம் அம்மா அவனோடு வீடியோவில் பேசுவாள். வருட முடிவில் எல்லா வீடுகளின் கணக்கையும் எடுத்தபோது அம்மா வீடுதான் முதலிடம். அனுப்பியதில் தொண்ணூற்றேழு சதவீதம் முதல் முறையிலேயே போய்ச் சேர்ந்திருந்தது. சேலத்தில் பெரிய திரையில் போட்டுக் காட்டினேன். கை தட்டினார்கள். அந்த எண்ணை எங்கே பார்த்தாலும் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வரும், ஒத்துக்கொள்கிறேன்.

நவம்பர் இரண்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலையில் அம்மா அடுப்படியில் விழுந்தாள். பக்கத்து வீட்டார் வண்டி பிடித்து டவுனுக்குக் கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

எனக்கு அழுகை வரவில்லை. வரும் என்று நினைத்தேன், வரவில்லை. மனதில் ஓர் இடம் மரத்துப்போயிருந்தது, அதைத் தொட்டுப் பார்க்கவும் தோன்றவில்லை. ஆஸ்பத்திரியில் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். ஃப்ரீஸர் பெட்டி கொண்டுவந்தவனுக்கு ப்ளக் பாயின்ட் காட்டினேன். நாற்காலி எத்தனை, டீ எத்தனை, கல்லறையில் குழி வெட்ட யார் போயிருக்கிறார்கள் என்று எல்லாம் நானே பார்த்தேன். பொண்ணு கல்லாட்டம் நிக்குது என்று ஒரு பெரியம்மா காதில் விழும்படி சொன்னாள். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

ஸ்டெபினால் வர முடியவில்லை. விசா புதுப்பிக்க அவனுடைய கம்பெனியில் பாஸ்போர்ட்டை வாங்கி அனுப்பியிருந்தார்கள், திரும்பி வர எட்டு நாளாகும். அத்தனை நாள் வைத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அதை அவனிடம் நான்தான் சொன்னேன். அவன் கத்தவில்லை, ஒன்றே ஒன்று கேட்டான்.

"மூடறதுக்கு முன்னால மொகத்த ஒருக்கா நான் பாக்கோணும்க்கா. அது போதும்."

பார்ப்பாய், அது என் பொறுப்பு என்றேன். எங்கள் பக்கம் வீட்டில் ஜெபம் சொல்லி முடித்ததும், முகத்தின் மேல் வெள்ளைத் துணி போட்டுப் பெட்டியை மூடிவிடுவார்கள். துணி போட வேண்டியவன் மகன். மூடினால் மூடியதுதான், கோயிலிலோ கல்லறையிலோ மறுபடியும் திறக்கிற வழக்கம் இல்லை. கல்லறைத் தோட்டத்தில் போன் எடுக்கவும் எடுக்காது. வீட்டில் செல்போன் சிக்னல் ஒரே ஒரு கோடு காட்டும், அதில் எழுத்தும் எண்ணும் வரும், படம் வராது. ஆகவே அவன் அம்மாவைப் பார்க்க இருந்தது ஒரே வழி, கூரையில் இருந்த எங்கள் கம்பெனித் தட்டு.

புதன்கிழமை காலையில் டவர் வேலை பார்க்கும் பைசல் கூப்பிட்டான். என்னைவிட ஆறு வயது சின்னவன். டவர் ஏறுவதில் கெட்டிக்காரன், என் ப்ரோக்ராமின் மேல் அவனுக்குப் பெரிய மரியாதை கிடையாது. அம்மாவுக்காக இரண்டு வார்த்தை வருத்தம் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வந்தான்.

"ஷீனாக்கா, அம்மா ஊட்டு லைன மட்டும் இன்னிக்கு ஒரு நாளைக்குக் கீழ் வேகத்துல நிறுத்தி வெச்சரட்டுங்களா? படம் சுமாராத்தான் வருமுங்க. ஆனா அறுந்து போகாதுங்க."

வேண்டாம் என்றேன். கீழ் வேகத்தில் படம் மங்கிப்போகும், கண் எது மூக்கு எது என்று தெரியாது. தம்பிக்கு அம்மா முகம் தெளிவாகத் தெரிய வேண்டும், அதனால் வேண்டாம் என்றேன். அது ஒரு காரணம். என் ப்ரோக்ராம் நன்றாக ஓடுகிற வீடுகளிலேயே முதல் வீட்டில், அதை நிறுத்திவிட்டுப் பழைய முறைக்குப் போவது அவமானமாகப் பட்டது. அது இன்னொரு காரணம். இரண்டில் எது பெரியது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

பைசல் சரிங்கக்கா என்று வைத்துவிட்டான்.

மதியம் இரண்டரை வரை வெயில் அடித்தது. சித்தப்பா மகள் அபிஷாவிடம் ஸ்டெபினோடு வீடியோ ஓடிய போனைக் கொடுத்து, அம்மாவின் தலைமாட்டில் நிற்கவைத்தேன். ஓமனில் ஸ்டெபின் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அவன் அழுகிற சத்தம் கேட்டுப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து அழ ஆரம்பித்ததால், ஜெபம் முடியும் வரை சத்தத்தை அணைத்து வை தம்பி என்று சித்தப்பா சொன்னார். அவனும் அணைத்துக்கொண்டான். நான் இரண்டடி தள்ளி நின்று, என் போனில் செல் சிக்னலிலேயே, இணைப்புகளின் நிலையைக் காட்டும் கம்பெனித் திரையைத் திறந்து வைத்துக்கொண்டேன். அம்மா வீட்டு எண் பச்சையில் எரிந்தது. தொண்ணூற்றேழு.

கோயில் உபதேசியார் மனுவேல் ஜெபம் ஆரம்பித்தார். அவர் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே சரிவிலிருந்து மூட்டம் ஏறி வந்தது. வாசலில் நின்றவர்கள் ஸ்வெட்டரை இழுத்து விட்டுக்கொண்டார்கள். சற்று நேரத்தில் எதிர் எஸ்டேட்டின் மரங்கள் தெரியவில்லை, இலையிலிருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது. எனக்கு அது காதில் விழுந்தது. நான் எண்ணைப் பார்த்தேன். தொண்ணூற்றேழுதான்.

கடைசி ஜெபம் முடிந்தது. ஒவ்வொருவராக வந்து அம்மாவின் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு நகர்ந்தார்கள். மகனின் இடத்தில் சித்தப்பா வெள்ளைத் துணியோடு நின்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஸ்டெபின் விஷயம் என் பொறுப்பு என்று ஊருக்கே தெரியும். மனுவேல் மெதுவான குரலில் கேட்டார்.

"தம்பிக்கு நல்லா தெரியுதுங்களா கண்ணு? மூடிப்போடலாங்களா?"

அபிஷாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். இரண்டடி நடந்துபோய் அவள் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்திருக்க வேண்டும். நான் என் கையிலிருந்ததைப் பார்த்தேன்.

"தெரியுதுங்க. மூடிருங்க," என்றேன்.

சித்தப்பா துணியைப் போட்டார். மூடியைப் பொருத்தினார்கள். பெண்கள் அழுதார்கள். நான் போனைப் பையில் போட்டுக்கொண்டு, பெட்டியைத் தூக்குகிறவர்கள் வாசற்படியில் வழுக்கிவிடாமல் இருக்கச் சாக்கு விரிக்கச் சொன்னேன்.

கல்லறையிலிருந்து திரும்பும்போது மணி ஐந்து. வீட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் போனில் தவறிய அழைப்புகள் வரிசையாக விழுந்தன. ஸ்டெபின், பதினொரு முறை. கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

"அக்கா, இன்னும் எவ்வளவு நேரமாகும்? லைன் போயிருச்சு, தானா வந்துரும்னு பாத்துட்டே இருந்தேன். நான் எந்திரிக்கவே இல்ல, இங்கயேதான் உக்காந்திருக்கேன்."

மூடியாச்சு சாமி என்றேன். எப்போது என்று கேட்டான். மூன்று மணிக்கு என்றேன். சரிக்கா, நீ சாப்டியா என்றான். இன்னும் இல்லை என்றேன். சாப்பிடு என்று சொல்லி வைத்துவிட்டான். அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அபிஷாவைக் கேட்டேன். அண்ணன் அசையாமல் தலையைக் குனிந்தபடி இருந்தான், ஜெபம் பண்ணுகிறான் என்று நினைத்தேன் என்றாள். படம் உறைந்துபோனது அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. அவள் மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை.

அடுத்த சில நாட்கள் எப்படிப் போயின என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வந்தவர்களுக்குச் சாப்பாடு, மூன்றாம் நாள் பூசை, அம்மாவின் ரேஷன் கார்டு, இறப்புச் சான்றிதழுக்கு மனு. தூக்கம் வந்தது, பசித்தது. என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது, ஆனால் அதுவும் தூரத்தில் யாருக்கோ நடப்பது போலத்தான் இருந்தது. ஆறாவது நாள் மதியம் எல்லோரும் கிளம்பிப்போன பிறகு, அம்மா வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன்.

அந்தப் புதன்கிழமையின் பதிவு அப்படியே இருந்தது. இரண்டு நாற்பதிலிருந்து சிக்னல் சரிந்திருக்கிறது. என் ப்ரோக்ராம் ஒவ்வொரு நொடியும் பத்தாவது வேகத்தையே எடுத்திருக்கிறது, ஒவ்வொரு முறையும் தொண்ணூற்றேழு சதவீதம் நிச்சயம் என்று சொல்லியிருக்கிறது. நூறு அனுப்பினால் நான்குதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. போய்ச் சேர்ந்தது எத்தனை என்கிற எண்ணும் கம்பெனித் திரையில் உண்டு. மேலே இருப்பது ப்ரோக்ராமின் நம்பிக்கை, கீழே இருப்பது நடந்தது. விரலால் ஒருமுறை தள்ளினால் கீழே இருப்பது தெரியும். சேலத்தில் காட்டுவதற்கு அழகாக இருக்கட்டும் என்று நம்பிக்கையை மேலே வைத்தவள் நான்தான்.

ஆனால் மற்ற வீடுகளில் மூட்டத்தின்போது அது ஒழுங்காக இறங்கிப்போகிறதே, இங்கே மட்டும் ஏன் இறங்கவில்லை என்று பார்த்தேன். அதே தெருவில் நான்கு வீடு தள்ளியிருந்த தட்டின் ஒரு வருடப் பதிவை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அந்த வீட்டில் நூற்றுப் பதினெட்டு நாட்கள் ஈர இலையால் சிக்னல் விழுந்திருக்கிறது. அம்மா வீட்டில் அந்தப் புதன்கிழமைக்கு முன் ஒரு நாள்கூட இல்லை. பதிவை நம்பினால், அந்த ஒரு வருடத்தில் என் அம்மாவின் வீட்டுக்கு மூட்டமே வரவில்லை. அந்த நாட்களில் அந்த மணிகளில் பதிவு வெறுமையாக இருந்தது. அப்படி விட்டுப்போன இடங்களையெல்லாம் கரண்ட் போன நேரம் என்று எடுத்துக்கொண்டு தூக்கிப்போடும்படி ப்ரோக்ராமில் எழுதியிருந்தேன், இரண்டே வரி. ஏற்காட்டில் கரண்ட் போவது புதிதா என்ன. ஆனால் அதே மணிகளில் நான்கு வீடு தள்ளி கரண்ட் இருந்திருக்கிறது.

தட்டுக்குக் கரண்ட் போகும் ப்ளக் லூஸாக இருந்திருக்குமோ என்று எழுந்துபோய் ஆட்டிப் பார்த்தேன். கெட்டியாகத்தான் இருந்தது. அம்மாவோடு தினமும் பேசினவன் ஸ்டெபின், அவனுக்குத் தெரிந்திருக்கும் என்று வீடியோவில் கூப்பிட்டேன். அன்றைக்கு வெயில், படம் நன்றாக வந்தது. நான்கு நாள் தாடியோடு இருந்தான். சாயங்காலங்களில் அம்மா பேச்சு நடுவே அறுந்துபோகுமா என்று கேட்டேன்.

"அறுந்தெல்லாம் போகாதுக்கா. மூட்டம் ஏறுனா அம்மாவே சுவிட்ச அணைச்சுரும். சாமி, மூட்டம் வந்துருச்சு, வெக்கறேன்னு சொல்லிட்டு அணைச்சுரும்."

ஏன் என்றேன்.

"தவறுனா அத்தனையும் எழுதிக்குமாம். அக்கா செஞ்ச மிசினு, நம்ம ஊட்டுல தோத்துப்போச்சுன்னு கணக்குல ஏறக்கூடாதுன்னு சொல்லும். ஆபீசுல உனக்குக் கெட்ட பேரு வந்துருமாம். நொம்ப கெவனமா இருக்கும் அதுல. உங்கிட்ட சொல்ல வேண்டாம்னுச்சு."

நான்தான் சொல்லியிருந்தேன். தட்டை மாட்டிய அன்று, காப்பி குடித்துக்கொண்டே, ஒவ்வொரு தவறும் பதிவாகும் அம்மா, வருடக் கடைசியில் அதை வைத்துத்தான் என் வேலையை எடை போடுவார்கள் என்று பெருமையடித்தேன். கேட்டதை மறக்கிற ஆள் இல்லை என்றேனே. ஒரு வருடம் முழுக்க, மூட்டம் வந்த ஒவ்வொரு சாயங்காலமும், மகனோடு பேசுவதைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துபோய்ச் சுவிட்சை அணைத்திருக்கிறாள். தவறாமல் எப்படிக் கற்றுக்கொள்வது, தவறினால்தானே அது படிக்கும் என்பதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. எனக்கு நல்ல மார்க் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள் என் அம்மா.

இதையெல்லாம் ஸ்டெபினிடம் சொன்னேன். தப்பு என்னுடையது, பைசல் சொன்னதைக் கேட்டிருந்தால் மங்கலாகவாவது பார்த்திருப்பாய் என்றேன். மன்னிப்புக் கேட்டேன். அவன் மறுக்கவும் இல்லை, மன்னித்தேன் என்று சொல்லவும் இல்லை. கொஞ்ச நேரம் தாடியைச் சொறிந்துகொண்டிருந்தான்.

"அது போகட்டும்க்கா. நீ பக்கத்துலயே நின்னியில்ல. கடைசியா அம்மா மொகம் எப்படி இருந்துச்சு? நீ சொல்லு, நான் கேட்டுக்கறேன்."

தூங்குகிற மாதிரி இருந்தது என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள், யாரும் சரிபார்ப்பதில்லை. சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கு ஞாபகம் வந்தது அந்த எண். அதற்குப் பின்னால் பெட்டியின் விளிம்பு, சித்தப்பாவின் கை, வெள்ளைத் துணி. முகம் வரவில்லை. ஆஸ்பத்திரியில் போர்த்தி வைத்திருந்ததை நர்ஸ் விலக்கப்போனபோது, அப்புறம் பார்க்கிறேன் என்றேன். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஒரு பகலும் ஓர் இரவும் அந்தப் பெட்டி நடுக்கூடத்தில் இருந்தது. நான் அதைச் சுற்றிச் சுற்றியே நடந்திருக்கிறேன். நெற்றியில் சிலுவை போடவும் போகவில்லை. கையில் போன் இருந்தது, தம்பிக்காக வேலையாக இருந்தேன், யாரும் கேட்கவும் இல்லை.

"நான் பாக்கல சாமி," என்றேன். "போனையே பாத்துட்டு நின்னுட்டேன்."

அவன் திரையில் என்னையே பார்த்தான்.

"அப்ப நம்ம ரெண்டு பேருமே பாக்கலியாக்கா."

அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு, தம்பி பார்க்கப் பார்க்க அழுதேன். அம்மா வேண்டும் என்று இருந்தது, அவள் முகத்தை ஒரே ஒருமுறை பார்க்க வேண்டும் என்று இருந்தது. அவனும் அந்தப் பக்கம் அழுதான். இரண்டு பேரில் யாரும் போனை வைக்கவில்லை.